சுபாஜினியின் ஒயில் கூலர்

வலது காலின் செருப்பை மட்டும் கழற்றி ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டு, வெறும் பாதத்தை எக்ஸலரேட்டரில் வைக்கிறார் சுபாஜினி. இடது காலில் செருப்பு அப்படியே கிடக்கிறது. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, ஒரு கராம்பை வாயில் போட்டுக்கொள்கிறார். பின்னால் திரும்பி எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்கின்றனவா என்று பார்க்கிறார். அதன் பிறகுதான் சாவி திரும்பும்.

“சப்பாத்து போட்டா வண்டி சொல்றது காலுக்கு வெளங்காது டீச்சர்” என்று ஒருமுறை எனக்கு விளக்கம் சொன்னார். “நடுக்கம் மொதல்ல பெருவெரலுக்குத்தான் வரும். அப்புறந்தான் காதுக்கு.”

காருக்குள் அவர் ஒரு சொல்லைத் தடைசெய்திருக்கிறார். பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றும் யாராவது மறந்துபோய் “நல்ல சூடா இருக்கு” என்றுவிட்டால், பின்பார்வைக் கண்ணாடியில் அவரைப் பார்ப்பார். “ஆறாம இருக்குன்னு சொல்லுங்க.” சொன்னவர் திருத்திச் சொல்லும்வரை பார்வை விலகாது. ஏற்றம் தொடங்கினால் வானொலி நின்றுவிடும். பேச்சும் நின்றுவிட வேண்டும். நான் அந்தக் காரில் ஏறிய முதல் நாள், இந்த வழக்கம் தெரியாமல் முதல் வளைவிலேயே ஊர், பேர் விசாரிக்கத் தொடங்கினேன். “மேல ஏறினதும் என் சாதகத்தையே சொல்றேன் டீச்சர், இப்ப கொஞ்சம் சும்மா இருங்க” என்றார்.

இந்த வழக்கங்களெல்லாம் கார் அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்த காலத்தில் வந்தவை. இன்றைக்கு எதற்கும் தேவையில்லை. தேவையில்லாத பிறகும் அவற்றை விடாமல் வைத்திருப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் அவருடைய வீடு. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத உரத்த குரல். கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மகள் பண்டாரவளையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சுபாஜினி இளம் வயதில் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனவர். அந்த வீட்டு மேடம் அவருக்குக் கார் ஓட்டப் பழக்கி, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடும் வேலையையும் தலையில் கட்டினார். திரும்பி வந்தபோது அந்த ஒரு திறமைதான் கையோடு வந்தது. பழைய டீசல் வேகன் ஒன்றை வாங்கி, பசறைக்கும் பதுளைக்கும் வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கினார். பசறை சந்தியில் வரிசையில் நிற்கும் சாரதிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிப்போனார்கள். இப்போது தங்கள் வீட்டுப் பெண்களை அவருடைய காரில்தான் ஏற்றி அனுப்புகிறார்கள்.

“குவைத்துல தார் உருகும் டீச்சர். அந்த வெயில்லயும் வண்டி ஒரு சொல்லு சொல்லாது. இங்க வந்து பாத்தா பனி, மழை, ஸ்வெட்டர். ஆனா வண்டி வேகுது. அங்க வெயிலு வெளியில. இங்க வெயிலு எஞ்சினுக்குள்ள.”

காரணத்தை அவர் தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்வார். ஏற்றத்தில் முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் கார் ஊர்ந்துதான் ஏறும். ஊர்கிற காரின் எஞ்சினில் காற்றுப் படாது. ஆட்களும் மூட்டைகளுமாகப் பாரமோ அதிகம். “தண்ணிய ஆறவைக்க முன்னால ரேடியேட்டர் இருக்கு. ஒயில ஆறவைக்க ஒண்ணுமில்ல. அது பாவம், உள்ளுக்குள்ளயே கெடந்து வெந்து தண்ணியாட்டம் ஆயிடும். தண்ணியான ஒயிலு எஞ்சின எப்படிப் பிடிச்சு வச்சிருக்கும்?” அப்படி ஆகும்போது, ஏற்றம் முடிந்து கார் நிற்கும் இடத்தில், டேஷ்போர்டில் ஒயில் அழுத்தக் குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். சுபாஜினி வாயிலுள்ள கராம்பைக் கடிப்பதை நிறுத்திவிடுவார்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. மேல் டிவிசனுக்குப் பக்கத்துப் பாடசாலையில் கற்பிக்கிறேன். வாரநாட்களில் விடுதி, வெள்ளிக்கிழமை பதுளையில் என் வீடு. வெள்ளிக்கிழமைகளில் பாடசாலையிலிருந்து நேரத்தோடு கிளம்ப அனுமதி பெற்றிருந்ததால் சுபாஜினியின் காரில் எனக்கு ஓர் இடம் நிரந்தரம். அதே காரில் நிரந்தர இடம் உள்ள இன்னொருவர் கந்தப்பன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதால் செவ்வாயும் வெள்ளியும் பதுளை வைத்தியசாலையில் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கூடவே மனைவி இராக்கம்மா, மடியில் ஒரு பிளாஸ்க்கோடு வருவார். கந்தப்பன் முன்னாசனத்தில் உட்கார்ந்து, தடைசெய்யப்பட்ட அந்தச் சொல்லை வேண்டுமென்றே சொல்லிச் சுபாஜினியைச் சீண்டுவார்.

கார் கந்தப்பனை ஒரு வெள்ளிக்கிழமை நடுவழியில் விட்டது. பசறைக்கும் பதுளைக்கும் நடுவிலுள்ள ஏற்றத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்தது. சுபாஜினி உடனே எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தாமல் போயிருந்தால் எஞ்சின் இறுகிப்போயிருக்கும். வழியில் எல்லா வாகனமும் நிரம்பியே வந்தன. உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க கந்தப்பனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்று வந்து, சாரதிக்குப் பக்கத்தில் அவரை இருத்திக் கொண்டுபோனது. அன்று அவர் பிழைத்தார். ஆனால் வார்டில் பல நாள் கிடந்தார்.

“லொறியில ஏத்தும்போது என்னப் பாத்து கைய ஆட்டினாரு டீச்சர்” என்று சுபாஜினி பிறகு என்னிடம் சொன்னார். “ஏசியிருந்தா தேவல.”

அடுத்த நாளே காரை இழுத்துக்கொண்டு பதுளையில் ஸனூஸ் நானாவின் கராஜுக்குப் போனார். ஸனூஸ் பருத்த, நிதானமான மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பவர். அன்று சனிக்கிழமை என்பதால் நானும் போய்க் கராஜுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கேட்டது இது:

“இந்த வண்டிய வித்துப்போடுங்க தங்கச்சி.”

“வித்துட்டு நடந்தா போறது? ஒயில ஆறவைக்க ஏதாவது செய்யுங்க நானா. பெரிய லொறிகளுக்கெல்லாம் ஒயிலுக்குன்னு தனி ரேடியேட்டர் இருக்குதுல்ல?”

“கம்பெனிக்காரன் இந்த வண்டிக்கு வெக்காத சாமான நான் வெக்கணுமா?”

“கம்பெனிக்காரன் நம்ம ஏத்தத்தப் பாத்திருக்க மாட்டான் நானா.”

ஸனூஸ் வெகுநேரம் பொனட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “செல்றேன் கேளுங்க. வெக்கலாம். ஆனா ஒரே தரத்துல சரிவராது. ஏச மாட்டீங்களா?” என்றார்.

“ஏசுவேன். ஆனா வேற கராஜுக்குப் போவ மாட்டேன்” என்றார் சுபாஜினி.

இருவரும் சொன்னபடியே நடந்துகொண்டார்கள்.

விபத்தில் நொறுங்கிய வான் ஒன்றிலிருந்து ஒரு ஒயில் கூலரைக் கழற்றினார் ஸனூஸ். ரேடியேட்டர் போலவே மெல்லிய தகடுகள் அடுக்கிய பெட்டி. அளவில் ஒரு பாடப்புத்தகம். ஒயில் பில்டர் உட்காரும் இடத்தில் ஒரு வட்டத் துண்டை நடுவே பொருத்தி, அதிலிருந்து இரண்டு குழாய்களை வெளியே எடுத்தார். ஒன்றின் வழியாகக் கொதித்த ஒயில் கூலருக்குப் போகும். மற்றதன் வழியாக ஆறிய ஒயில் எஞ்சினுக்குத் திரும்பும். டேஷ்போர்டில் ஒயிலின் வெப்பத்தைக் காட்டும் சிறிய மீற்றர் ஒன்றையும் ஒட்டினார். எந்த இடத்துக்கு மேல் முள் போகக்கூடாது என்று அவர் காட்ட, சுபாஜினி மகளின் நகப்பூச்சால் அங்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

முதல் முயற்சியில் கூலரை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைத்துவிட்டார்கள். ஒயில் ஆறியது, ஆனால் அதன் அனல் பின்னாலிருந்த ரேடியேட்டருக்குள் போய், தண்ணீர் கொதித்தது. அதுமட்டுமல்ல, பனி இறங்கிய காலைகளில் ஒயில் வெப்பம் பிடிக்கவே இல்லை. தேன் மாதிரி கட்டியாக இருந்தது. எஞ்சின் இருமியது. கறுப்புப் புகை விட்டது. பசறைச் சந்தியில் சாரதிகள் மூக்கைப் பொத்திக்காட்டினார்கள்.

“முன்னாடி காய்ச்சல்ல கெடந்துச்சு, இப்ப குளுருல நடுங்குது” என்று சுபாஜினி ஸனூஸிடம் ஏசினார். “நடுவுல ஒண்ணு கெடையாதா நானா ஒங்ககிட்ட?”

இரண்டாம் முறை கூலரைப் பம்பருக்குக் கீழே ஓரமாக இறக்கினார்கள். தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் குழாய்களில் ஒன்று கீழ் இரும்பில் உரசிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரத்தில் அது தேய்ந்து, ஒயில் சொட்டத் தொடங்கியது. நல்ல வேளையாகச் சுபாஜினி தன் வீட்டு வாசலிலேயே அதைக் கண்டுபிடித்தார். அன்று ஹயரை நிறுத்திவிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்க் கந்தப்பனுக்கு வேறு வாகனம் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அழுததாக அவரே சொன்னார். “ரெண்டு தரம் தோத்தாச்சு டீச்சர். மூணாந்தரமும் தோத்தா ஸ்டியரிங்க வுட்டுட்டுக் கொழுந்து கூடையத் தூக்க வேண்டியதுதான்.”

ஸனூஸுக்கும் ரோசம் வந்திருந்தது. கொழும்புக்குப் பஸ்ஸேறி, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக அலைந்து, ஒரு தெர்மோஸ்டாட் வால்வு வாங்கி வந்தார். ஒயில் குளிர்ந்திருக்கும்வரை அது கூலருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். போதிய வெப்பம் வந்ததும் தானே திறந்துவிடும். ரப்பர் குழாய்களுக்குப் பதிலாகக் கம்பி பின்னிய குழாய்கள். உரசும் இடங்களில் பழைய டயரைக் கீறிச் சுற்றிய உறை. கல்லடி படாமல் கூலருக்கு முன்னால் ஒரு கம்பிவலை. எல்லாம் பூட்டி முடித்து, “இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியா தங்கச்சி. இனி அல்லாஹ்தான் பாத்துக்கணும்” என்றார்.

வால்வு பூட்டிய பிறகு கந்தப்பனை முதல் தடவை காரில் ஏற்ற வந்த அன்று, அவர் ஏறாமல் பொனட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து குழாய்களைப் பார்த்தார்.

“எதுக்குப் புள்ள ரெண்டு கொழாய்?”

“ஒண்ணு ஒயில வெளிய எடுக்குது மாமா. ஒண்ணு ஆறவச்சு உள்ள வுடுது.”

கந்தப்பன் தன் சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்குக் கீழே ஊசி ஏற்றிய தழும்புகள் இரண்டு வரிசையாக இருந்தன. “இங்கயும் அதே வேலைதான். ஒண்ணுல எடுக்குறாங்க, ஒண்ணுல வுடுறாங்க. எனக்கு வாரத்துக்கு ரெண்டு நாளு. ஒன் காருக்கு எந்நேரமும். குடுத்து வச்ச காரு.” பிறகு கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, “சூடா ஏதாவது இருந்தா குடு” என்று இராக்கம்மாவைக் கேட்டார். சுபாஜினி அவரை முறைத்தார். எல்லாரும் சிரித்தோம்.

வழக்கமான பாதையில் கார் நன்றாகவே ஏறியது. முள் நடுவைத் தாண்டவில்லை. ஆனால் அந்த நாட்களில் மழை தொடங்கிவிட்டிருந்தது. குளிரில் முள் ஏறாததைச் சுபாஜினி ஒரு வெற்றியாக எண்ணவில்லை. “மழையில யாருக்குத்தான் காய்ச்சல் தெரியும்?” என்றார்.

பிறகு மழை வலுத்துவிட்டது. இரவும் பகலும் விடாமல் அடித்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்தது. எங்கள் பாடசாலையை மூடிவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை கந்தப்பனால் வைத்தியசாலைக்குப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. விடுதியிலேயே தங்கிவிட்ட நானும் சுபாஜினியும் லயத்துக்குப் போனபோது அவர் கட்டிலின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கிப் பளபளத்தன. படுத்தால் மூச்சு அடைத்தது என்று இராக்கம்மா சொன்னார். இரவெல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

அன்று அவர் யாரையும் சீண்டவில்லை. இராக்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னாசனத்தில் ஏறினார்.

பசறைச் சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பதுளைப் பாதையில் மேட்டுமண் சரிந்து, மரத்தோடு வீதியில் கிடக்கிறது. இன்னும் மண் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்களைக்கூட நடந்து கடக்க விடவில்லை. அம்புலன்ஸை அழைத்தோம். அது பதுளையிலிருந்து வரவேண்டும். அதே சரிவின் அந்தப் பக்கத்தில் நிற்கும். வீதியைத் துப்புரவாக்க மாலையாகும் என்றார் பொலிஸ்காரர்.

“இனி என்ன செய்யிறது?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சுபாஜினி இறங்கிப் போய், அங்கே நின்ற கொழுந்து லொறிச் சாரதியிடம் பேசினார். பக்கத்துத் தோட்டத்துக்குள்ளால் மலையின் முதுகை ஏறி, மறுபக்கம் பதுளை வீதிக்கே இறங்கும் பழைய பாதை ஒன்று இருக்கிறது. சரிவுக்கு அப்பால்தான் அது சேரும். ட்ரெக்டரும் சின்ன லொறிகளும் போகும் பாதை. சுபாஜினி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதில் காரை விட்டதில்லை.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார்.

“இப்பத்தான் அந்தப் பக்கமா வந்திருக்காரு. மண்ணு ஒண்ணும் எறங்கலயாம். பாதை உறுதியா இருக்காம். ஏத்தம் மட்டுந்தான்.” கந்தப்பனைப் பார்த்தார். “மாமா, ஏத்தம் பொல்லாத ஏத்தம். நடுவுல நிறுத்தினா மறுபடி எடுக்க முடியாது. என்ன சொல்றீங்க?”

கந்தப்பனுக்கு முழு வாக்கியத்துக்கு மூச்சுப் போதவில்லை. “ஓட்டு” என்றார். கொஞ்சம் கழித்து, “புள்ள” என்றார்.

நான் பின்னாசனத்தின் நடுவில் இருந்தேன். சுபாஜினி திரும்பாமலே பேசினார். “டீச்சர், ரோட்ட வுட்டுக் கண்ண எடுக்க முடியாது. நீங்க முள்ள மட்டும் பாருங்க. செவப்பத் தொட்டா சொல்லுங்க. தொடலன்னா ஒண்ணும் சொல்லாதீங்க.”

பிரதேச சபை போட்ட கொங்கிறீட் கொஞ்ச தூரத்தில் முடிந்தது. பிறகு கல் பதித்த பாதை. கார் முதலாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறியது. இரண்டு பக்கமும் நனைந்த தேயிலை. முள் சாவகாசமாக எழுந்தது. நடுவைத் தொட்டது. தாண்டியது. இராக்கம்மா பின்னாலிருந்து கைகளை நீட்டிக் கணவரின் இரண்டு தோள்களையும் நிமிர்த்திப் பிடித்திருந்தார். அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

வளைவுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் ஒருமுறை சறுக்கிப் பிடித்தது. முள் ஏறிக்கொண்டே இருந்தது. சிவப்புக் கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒரு நகத்தின் அகலம்தான் இருந்தது. பிறகு அதிலும் பாதி. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவர் நிறுத்துவார். நிறுத்தினால் அந்த மலையின் நடுவில் எங்களை ஏற்றிக்கொள்ள ஒரு லொறியும் வராது. சொல்லாமல் விட்டு எஞ்சின் இறுகினாலும் அதே கதிதான். தொட்டால்தானே சொல்லச் சொன்னார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முள் தொடவில்லை. அந்த இடத்திலேயே நின்றது. கார் மேலும் ஒரு வளைவு ஏறியது. முள் நின்றது. இன்னொரு வளைவு. அங்கேயே நின்றது. வால்வு முழுதாகத் திறந்து, குழாய் வழியாக ஒயில் போய் வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முள் நிற்கிறது என்பதைத் தவிர என் தலைக்குள் எதுவும் இல்லை.

“என்னாச்சு டீச்சர்?” சுபாஜினியின் குரல் உயர்ந்து ஒலித்தது. “தூங்கிட்டீங்களா?”

“இல்லை. நிக்குது.”

“எது நிக்குது?”

“முள்ளு. சிவப்புக்குக் கிட்டப் போய் நிக்குது. கனநேரமா நிக்குது.”

“அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“தொட்டால்தானே சொல்லச் சொன்னீங்கள்!”

முன்னாசனத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கந்தப்பனுக்கு மூச்சுத் திணறுகிறது என்று பதறி எட்டிப் பார்த்தேன். அவர் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார்.

மலையின் முதுகில் ஏறியதும் சுபாஜினி காரை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பழைய நாட்களில் சிவப்பு விளக்கு சிமிட்டுவது இப்படி நிற்கும்போதுதான். டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரியவில்லை. கீழே தூரத்தில் பதுளை நகரத்தின் கூரைகள் வெயிலில் நனைந்து மினுங்கின. அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றி முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டு, கியரை மாற்றினார். இறக்கத்தில் முள் தானாகவே கீழே வந்தது.

வைத்தியசாலையில் கந்தப்பனைச் சக்கர நாற்காலியில் இருத்தி உள்ளே கொண்டுபோனார்கள். தாதி ஓடிவந்து ஒட்சிசன் முகமூடியை வைத்தார். கதவு சாத்திக்கொண்டது. சுபாஜினி வாசலிலேயே நின்று ஸனூஸுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்; வைத்தியசாலை முற்றம் முழுக்கக் கேட்டது.

“நானா, நின்னுருச்சு!”

“யா அல்லாஹ். எந்த எடத்துல? நான் இப்ப வாறேன், பொனட்டத் தொறக்க வாணாம்...”

“வண்டி இல்ல நானா! முள்ளு! முள்ளு நின்னுருச்சு!”

அந்தப் பக்கம் ஒரு ஸ்பானர் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு ஸனூஸ், “இப்புடியா தங்கச்சி ஒரு மனுசனுக்குச் செய்தி செல்றது?” என்று கேட்டார். தொடர்ந்து, “அவ்வளவு ஏத்தம் ஏறினா கிளிப்பெல்லாம் எளகி ஈக்கும். எங்கயும் ஒழுகுதான்னு பாருங்க. அதப் பாக்காம சந்தோசப்பட வாணாம்” என்றார்.

நாங்கள் காரை எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையின் தகரக் கொட்டிலுக்குள், காய்ந்த சிமெந்துத் தரையில் நிறுத்தினோம். சுபாஜினி கடையில் அன்றைய பத்திரிகை ஒன்று வாங்கினார். அதன் நடுத்தாளை உருவி, எஞ்சினுக்கு நேர்கீழே தரையில் விரித்தார். மூலைகளுக்குக் கல் வைத்தார். பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. காருக்குக் கீழே பார்ப்பதும் வைத்தியசாலை வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நெடுநேரம் கழித்து இராக்கம்மா வீதியைக் கடந்து வந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். சுபாஜினி எழுந்து நின்றுவிட்டார்.

“என்னா அத்தை?”

“மெசின்ல போட்டிருக்காங்க. மூச்சு வாங்குறது கொறஞ்சிருச்சு.” இராக்கம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். “கண்ணத் தொறந்ததும் நர்ஸம்மாகிட்ட தேத்தண்ணி கேட்டுச்சு. தண்ணியே அளந்து குடிக்கிற மனுசன், சீனி போட்டு சூடா வேணுமாம். அந்தப் புள்ள நல்லா ஏசிவுட்டுச்சு. இப்ப சத்தமில்லாமக் கெடக்கு.”

“சூடான்னா கேட்டாரு?” என்றார் சுபாஜினி.

“ஆமா.”

“கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்” என்றவர் கடைக்காரரிடம் வடை சொன்னார். தட்டில் சுடச்சுட வந்தது. அதைக் கையில் எடுக்காமல் காரருகே போய், ஒரு முழங்காலை ஊன்றி, கல்லைத் தள்ளி, தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப்பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு பொட்டு ஒயில்கூட இல்லை. திருப்பி மறுபக்கமும் பார்த்தார். தரைத் தூசியைத் தட்டினார். பிறகு அந்தத் தாளை மூன்றாகக் கிழித்து, ஒன்றில் வடை வைத்து இராக்கம்மாவிடம் கொடுத்தார், ஒன்றை என்னிடம் நீட்டினார், மூன்றாவதைத் தன் மடியில் விரித்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.